மூளை இரத்தக்கசிவு: யாரைப் பார்த்து எழுதிய அறிகுறிகள்?

மூளையில் இரத்தக்கசிவு என்றதும் நம் மனதில் வரும் காட்சி என்ன? ஐம்பது, அறுபது வயது ஆண். பிரஷர் உண்டு. வேலைக்கு நடுவுல திடீர்னு சாய்வார். வாய் கோணும், ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். "மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சாம்" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

இந்தக் காட்சி பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியில் பெரும்பாலும் பெண்கள் இருக்கிறார்கள். இந்தச் சித்திரம் எப்படி உருவானது, அதிலிருந்து பெண் எப்படி விடுபட்டாள் என்று வாசித்தபோது எடுத்த குறிப்புகள் இவை.

குட்டைக் கழுத்துக்காரர்

பழைய ஐரோப்பிய மருத்துவத்தில் இந்த நோய்க்குப் பெயர் அபோப்ளெக்சி. அடித்து வீழ்த்தப்படுவது என்று பொருள் வரும் கிரேக்கச் சொல். ஏன் விழுகிறார்கள் என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1658-ல் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரத்து மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர், இப்படி இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதை எழுதி வைத்தார்.

காரணம் தெரிந்துவிட்டது, சரி. ஆனால் கட்டிலருகே நிற்கும் மருத்துவர் மண்டையைத் திறந்து பார்க்க முடியாதே! அவர் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் 'அபோப்ளெக்சி வரக்கூடிய உடல்வாகு' என்றே ஒரு வர்ணனை இருந்தது: குட்டைக் கழுத்து, பருத்த உடம்பு, சிவந்த முகம், நல்ல சாப்பாடு, குடி. ஆண் என்று அதில் எழுதியிருக்க வேண்டியதில்லை. வாசித்தாலே ஒரு வசதியான ஆண் கண்முன் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மருத்துவர்

இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் பாரிஸ் நகரத்து சால்பெத்ரியேர். வெடிமருந்துக் கிடங்கு இருந்த இடத்தில், 1656-ல் பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கப்பட்ட நிறுவனம். போக்கிடம் இல்லாத ஏழைப் பெண்கள், மூதாட்டிகள், மனநோயாளிகள், பாலியல் தொழில் செய்தவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்களை அங்கே அடைத்து வைத்தார்கள். 1862-ல் ஜான் மார்த்தேன் ஷார்கோ அங்கே பொறுப்பேற்றார்.

ஷார்கோவும் அவருடைய மாணவர் ஷார்ல் புஷாரும் 1868-ல் ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார்கள். மூளைக்குள் இருக்கும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்களில் குட்டிக் குட்டிப் புடைப்புகள் உண்டாகின்றன, அவை உடைவதால்தான் கசிவு வருகிறது என்றார்கள். பிற்காலத்தில் இதில் விவாதம் எழுந்தது, ஆனாலும் 'ஷார்கோ-புஷார் புடைப்பு' என்ற பெயர் இன்றும் பாடப்புத்தகத்தில் நிற்கிறது. சால்பெத்ரியேர் பெண்களுக்கான இடம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, மூளை இரத்தக்கசிவின் உடற்கூறு பாடத்தில் பெரும்பங்கை நமக்குக் கொடுத்தவர்கள் அங்கே இறந்துபோன, பெயர் தெரியாத மூதாட்டிகள்.

அதே ஷார்கோ அடுத்த இருபது ஆண்டுகளில் உலகப்புகழ் பெற்றது வேறொன்றுக்காக: ஹிஸ்டீரியா. அதே வளாகத்தில், உயிரோடிருந்த பெண்களை மேடையேற்றி அவர் பாடம் நடத்தினார். 1887-ல் ஆந்த்ரே ப்ரூயே வரைந்த ஓவியம் அந்தக் காட்சியை நிரந்தரமாக்கியது. ஷார்கோவுக்கு நியாயமாக ஒன்று சொல்லணும். ஹிஸ்டீரியா ஆண்களுக்கும் வரும் என்று வாதிட்டவர் அவர். ஆனால் அந்த வாதத்தை மருத்துவ உலகம் அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை. 'பெண் வலி என்று சொன்னால் நரம்புத் தளர்ச்சியோ என்னவோ' என்ற பழக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

செத்த பெண்ணின் மூளை சொன்னதை மருத்துவம் நம்பியது. உயிரோடிருந்த பெண்ணின் வாய் சொன்னதைச் சந்தேகப்பட்டது.

1945-ம் 1965-ம்

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1945 ஏப்ரல் 12. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வயது 63, ஜார்ஜியா மாநிலம் வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓவியர் ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்மண்டையில் கடுமையான வலி என்று சொன்னவர் நினைவிழந்தார். மருத்துவர் அளந்தபோது இரத்த அழுத்தம் 300/190. மாலை 3.35-க்கு உயிர் போனது. முந்தைய ஆண்டே அவருக்கு 186/108 இருந்தது. உயர் இரத்த அழுத்தம் என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ வரலாறு இன்றும் காட்டும் உதாரணம் இவர்தான்.

1965 பிப்ரவரி 17. நடிகை பாட்ரிசியா நீல், வயது 39, மூன்று மாதக் கர்ப்பிணி. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது தலையில் வலி வெட்டியது. கணவர் எழுத்தாளர் ரோல்ட் டால். குடும்பத்துக்கு முன்பே பழக்கமான ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரை உடனே போனில் பிடித்தார். அனியூரிசம், அதாவது மூளைக்குப் போகும் தமனியில் பலூன் போல ஒரு வீக்கம், உடைந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கசிவுகள். ஏழு மணி நேர அறுவை சிகிச்சை, மூன்று வாரம் கோமா. நீல் இறந்துவிட்டதாக ஒரு பத்திரிகை செய்தியே போட்டுவிட்டது. அவரோ பிழைத்து, ஆகஸ்டில் குழந்தையைப் பெற்று, பேச்சையும் நடையையும் மறுபடி கற்றுக்கொண்டு திரும்பவும் நடிக்க வந்தார்.

இரண்டிலும் ஆரம்பம் தலைவலிதான். ஆனால் ரூஸ்வெல்ட் நொடியில் விழுந்தார், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீலுக்கு வாய்த்தது வேறொரு அதிர்ஷ்டம். போன் எடுத்த முனையில் மூளை மருத்துவர் இருந்தார். அது எல்லாப் பெண்ணுக்கும் வாய்க்குமா?

உண்மையில் வித்தியாசம் எங்கே?

பெண்ணுக்கு வலி வேறு மாதிரி வலிக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. எந்த வகைக் கசிவு, எந்த இடத்தில், எந்த வயதில் என்பதில்தான் வித்தியாசம் தொடங்குகிறது.

மூளையின் ஆழத்தில் இரத்தம் கசிந்தால் எதிர்ப்பக்கக் கை கால் செயலிழக்கும். இது பெரும்பாலும் உயர் அழுத்தத்தால் வருவது. ஆண்களிடம், ஒப்பீட்டளவில் இளம் வயதிலேயே, அதிகம் காண்பது. வயதான பெண்களிடம் மூளையின் மேற்புற மடல்களில் வரும் கசிவு கூடுதலாகத் தெரிகிறது. அங்கே கசிந்தால் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், பார்வைக் கோளாறு, வலிப்பு என்று எதுவும் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் "வயசாயிடுச்சு, ஏதோ உளறுறாங்க" என்று விட்டுவிடும் அபாயம் இங்கேதான்.

மூன்றாவது, நீலுக்கு வந்தது. மூளையைச் சுற்றியுள்ள சிலந்திவலை போன்ற சவ்வுக்கு அடியில் கசியும் இரத்தம். இதை ஒரு தனி நோயாக, அறிகுறிகளோடு தெளிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் சார்லஸ் சைமண்ட்ஸ், 1920-களில்தான். சட்டென்று வெடிக்கும் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், வெளிச்சம் பிடிக்காமல் போவது. கை கால் நன்றாகவே இருக்கலாம்! இளம் வயதில் இது ஆண்களிடம் அதிகம். ஆனால் 55 வயதுக்கு மேல் தராசு பெண்கள் பக்கம் சாய்கிறது. மொத்தத்திலும் பெண்கள்தான் அதிகம்.

இப்போது, 1998-ல் பிரிட்டனில் உருவாகி உலகம் முழுக்கப் பரவிய அந்தச் சோதனையை நினைத்துப் பாருங்கள். முகம் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா? பல உயிர்களைக் காப்பாற்றிய நல்ல சோதனைதான். ஆனால் சிலந்திச் சவ்வுக்கு அடியில் கசியும் பெண், இந்த மூன்றிலும் 'பாஸ்' ஆகிவிட்டு வீட்டுக்கு அனுப்பப்படலாம்.

தப்பு நடப்பது எப்படி?

2004-ல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, இவ்வகைக் கசிவு வந்த 482 பேரை எடுத்துப் பார்த்தது. அவர்களில் 12 சதவீதம் பேருக்கு முதலில் வேறு நோய் என்று சொல்லியிருந்தார்கள். அதிகம் சொன்ன பெயர் மைக்ரேன் அல்லது டென்ஷன் தலைவலி. பெரும்பாலானோருக்குச் சி.டி. ஸ்கேனே எடுக்கவில்லை. இது ஆண்-பெண் ஒப்பீட்டு ஆய்வு அல்ல. அந்த ஒப்பீடு 2014-ல் வந்தது. அமெரிக்காவின் ஒன்பது மாநில மருத்துவமனைப் பதிவுகளில், எல்லா வகைப் பக்கவாதத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, அவசரப் பிரிவில் நோய் தவறவிடப்படும் வாய்ப்பு பெண்களுக்கு 33 சதவீதம் கூடுதலாக இருந்தது.

மருத்துவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. மைக்ரேன் பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். நாற்பது வயதுப் பெண் தலைவலி என்று வந்தால், கணக்குப்படி மைக்ரேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கணக்கு சரி. ஆனால் கணக்கு நூறு பேருக்கானது, எதிரே நிற்பது ஒருத்தி. தொடர்ந்து தலைவலி உள்ள பெண்ணே "இது வழக்கமானது இல்லை, வேற மாதிரி" என்று சொன்னால், அவளைவிட நன்றாக ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய ஆள் வேறு யார்?

அதனால் இதை மட்டும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். மெதுவாக ஏறாமல், ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும் தலைவலி, வாழ்நாளில் கண்டிராத தலைவலி, வாந்தியோடும் கழுத்து இறுக்கத்தோடும் வரும் தலைவலி: இதற்குத் தைலமும் காபியும் மருந்தல்ல. உடனே ஆஸ்பத்திரி, உடனே ஸ்கேன். கர்ப்பிணி என்றாலும், பிள்ளை பெற்ற சில வாரங்களே ஆனவர் என்றாலும் இன்னும் அவசரம்.

அங்கே போனதும் "தலைவலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.