நாரையின் எலும்பும் மிதிவண்டியின் சட்டமும்

மார்கழி மாதத்தில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் கூழைக்கடாக்கள் இறங்குவதைக் காணலாம். உடல் பெரிது, ஆயினும் காற்றில் மிதந்து வந்து மரக்கிளையில் அமர்கின்றன. இது எப்படி முடிகிறது? அவற்றின் எலும்புகளுள் பல, உள்ளே காற்று நிறைந்த குழாய்கள். அதே ஏரியில் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்தின் எலும்புகளில் காற்றறைகள் குறைவு. மூழ்குபவனுக்கு மிதப்பு இடைஞ்சல் அன்றோ!

செங்கல்பட்டிலிருந்து அங்கே நான் செல்வது மிதிவண்டியில். தந்தையார் பயன்படுத்திய 24 அங்குலச் சட்டம் கொண்ட பழைய வண்டி அது. என் உயரத்திற்கு அது பெரிது. ஏரியை அடைவதற்குள் முதுகும் தோளும் கெஞ்சும். அளவெடுத்து ஒரு சாலை வண்டி செய்துகொள்ளலாம் என இரண்டாண்டுகளாகப் பணம் சேர்த்தேன். எந்தச் சட்டம்? கடைக்காரர் அலுமினியம் என்றார். நண்பர் கரி இழை என்றார். தவறாகத் தேர்ந்தால் சேமிப்பும் போகும், முதுகுவலியும் நிற்காது. ஆகவே மிதிவண்டிச் சட்டத்தின் வரலாற்றைப் புரட்டினேன். அது வேடந்தாங்கல் பறவைகளிடமே என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது!

1638-இல் கலிலியோ எழுதிய நூலொன்றில் ஓர் அரிய கருத்து உள்ளது. பறவை எலும்பும் நாணல் தண்டும் ஏன் உள்ளீடற்றவை? ஒரே எடையுள்ள திண்மக் கம்பியைவிடக் குழாய் வலிமை மிக்கது என்பதே அவர் தந்த விடை. கணக்கிட்டுப் பாருங்கள். 28.6 மி.மீ. வெளிவிட்டமும் 0.9 மி.மீ. சுவர்க்கனமும் கொண்ட எஃகுக் குழாய் ஒன்று. அதே எஃகைத் திண்மக் கம்பியாக்கினால் விட்டம் சுமார் 10 மி.மீ. மட்டுமே. எடை ஒன்றுதான், ஆனால் வளைவை எதிர்ப்பதில் குழாய் ஏறத்தாழ 15 மடங்கு மேல்! வளையும்போது பொருளின் மையப்பகுதி சும்மா இருக்கிறது; ஓரப்பகுதியே பளுவைத் தாங்குகிறது. சும்மா இருப்பதை நீக்கி ஓரத்தில் சேர்ப்பதே குழாயின் இரகசியம்.

ஆனால் மிதிவண்டி குழாயில் தொடங்கவில்லை. 1817-இல் ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் செய்த வண்டி மரத்தாலானது, மிதி கிடையாது, காலால் தரையை உந்த வேண்டும். 1860-களில் பிரான்சில் முன்சக்கரத்தில் மிதி பூட்டினர். ஒரு மிதிச்சுற்றில் அதிக தூரம் செல்ல முன்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஓட்டுபவர் உயரத்தில் அமர்ந்தார். கல் இடறினால் தலைகுப்புற விழுந்தார். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிச் சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் இன்று நாம் காணும் வைரவடிவச் சட்டம் நிலைபெற்றது.

அவ்வடிவம் ஏன்? நான்கு குச்சிகளை ஆணியால் இணைத்துச் சதுரமாக்குங்கள், அழுத்தினால் சரியும். மூன்று குச்சிகளின் முக்கோணம் சரியாது. சட்டத்தின் பின்பகுதி சரியான முக்கோணம். முன்பகுதியில் கைப்பிடித் தண்டு நுழையும் குட்டைக் குழாய் நான்காம் பக்கமாகிறது. அதனால் அங்கே மூட்டுகளுக்கு வேலை அதிகம். இதற்கு விடை காணும் வகையில் 1897-இல் ரெனால்ட்ஸ் என்பவர் முனைகளில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் உள்ள குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலமைந்த நிறுவனம் 1935-இல் வெளியிட்ட '531' என்னும் மாங்கனீஸ் - மாலிப்டினம் எஃகுக் குழாய் பந்தய வண்டிகளில் பெரும்புகழ் பெற்றது.

அக்காலத்தில் அமெரிக்காவில் அளவுக்கேற்ப மிதிவண்டி செய்து விற்ற இரு சகோதரர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களே ரைட் சகோதரர்கள்! மிதிவண்டி வருவாயும் பட்டறை அனுபவமும் பறவைகளை நோக்கிய கண்களும் சேர்ந்து 1903-இல் அவர்களைப் பறக்க வைத்தன.

நம் ஊருக்கு வருவோம். 1949-இல் முருகப்பா குழுமத்தினர் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினர், அம்பத்தூரில் ஆலை எழுந்தது. 1955-இல் குழாய் செய்யவே ஆவடியில் தனி ஆலை ஏற்பட்டது. குழாய் இன்றி மிதிவண்டி ஏது?

சட்டத்தைத் தேர்வது பந்தய வீரருக்கு மட்டும் உரிய கவலையன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றனர். அவர்களுள் பலர் ஆண்கள் வண்டியையே விரும்பினர். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவிலுள்ள அந்த மேல்குழாயில் குழந்தையை உட்கார வைக்கலாம்! தன் வாழ்வை அளந்து சட்டத்தைத் தேர்ந்தவர்கள் அவர்கள்.

இனி உலோகம். எஃகின் யங் குணகம் அலுமினியத்தைப்போல் சுமார் 3 மடங்கு. அடர்த்தியும் சுமார் 3 மடங்கு. எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் சமமே! ஆகவே அதே அளவுக் குழாயை அலுமினியத்தில் செய்தால் எடை மூன்றிலொரு பங்காகும். விறைப்பும் அவ்வாறே குறையும். குழாயின் விட்டத்தைப் பெருக்கினால்தான் ஆதாயம். 1970-களில் அமெரிக்காவில் கேரி கிளைன் போன்றோர் தடித்த அலுமினியக் குழாய்களால் சட்டம் செய்தது இதனால்தான். சுவரை மிகவும் மெலிதாக்கினாலோ, காலி டப்பாபோல் நசுங்கும். மேலும், ஒரு வரம்புக்குக் கீழ்ப்பட்ட தகைவு எத்தனை முறை வந்தாலும் எஃகு தளர்வதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய தெளிவான வரம்பு கிடையாது. கரி இழை எடைக்கு எடை இரண்டையும் வெல்லும். ஆனால் அடிபட்டால் உள்முறிவு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதைச் செப்பனிடத் தனித்திறன் வேண்டும்.

கணக்கு முடிந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. என் முதுகுவலிக்கு உலோகம் காரணமன்று, அளவுதான். சட்டத்தின் எடையில் ஒரு கிலோ குறைந்தால், என்னையும் வண்டியையும் சேர்த்த சுமார் 80 கிலோவில் அது எண்பதில் ஒரு பங்கு. சமதரையில் பெரும்பகுதி உழைப்பு காற்றோடு போராடவே செலவாகிறது. ஆனால் மேல்குழாய் இரண்டு செ.மீ. நீண்டாலும் முதுகு ஒவ்வொரு நிமிடமும் அதை உணரும். எனவே முதலில் காலின் உட்புற நீளம், உடற்பகுதியின் நீளம், கையின் நீளம் ஆகியவற்றை அளந்தேன். பிறகு எஃகைத் தேர்ந்தேன். பழுதானால் பற்றவைக்கத் தெரிந்த கை அருகிலேயே இருக்கிறது.

பறவைக்கு இது புதிய பாடமன்று. பறப்பதற்கு ஓர் எலும்பு, மூழ்குவதற்கு வேறோர் எலும்பு. எது உயர்ந்தது என்னும் வழக்கே அங்கில்லை. நண்பர்களே, நீங்களும் வண்டி வாங்கும் முன் நாடாவை எடுத்து முதலில் உங்களை அளந்து பாருங்கள். விலைப்பட்டியலைப் பிறகு பார்க்கலாம்.