ஞாயிறு வழிபாடு

ஞாயிறுதோறும் கிறித்தவ அன்பர்கள் தேவாலயம் செல்வதைக் காண்கிறோம். விடுமுறை நாளாதலின் செல்கின்றனர் என நம்மிற் பலர் எண்ணுகிறோம். வரலாறு கூறுவது வேறு.

இயேசுபிரான் உயிர்த்தெழுந்த நாள் ஞாயிறு என்பது அவர்தம் நம்பிக்கை. ஆதலின், உரோமப் பேரரசில் அது வேலைநாளாய் இருந்த காலத்தும் அன்று கூடினர். கி.பி. 304-இல் வட ஆப்பிரிக்காவின் அபிட்டினே என்னும் ஊரில், அரசாணையை மீறிக் கூடிய 49 பேர் சிறைப்பட்டனர். 321-இல்தான் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வுநாளாக்கினார்.

இன்று கத்தோலிக்கர் திருப்பலியில் பங்குகொள்வதைக் கடமையாகப் போற்றுவர். புராட்டஸ்டண்டு சபையார் இறைமொழி கேட்டலைச் சிறப்பிப்பர். கீழைத் திருச்சபையார் ஒவ்வொரு ஞாயிற்றையும் உயிர்ப்பின் திருநாளாகவே கொள்வர். முறைகள் வேறாயினும் மூலம் ஒன்றே.

விடுமுறைக்கு முன்பே வழிபாடு தோன்றியது. ஞாயிற்றின் ஓய்வைத் துய்க்கும் நாம், அது கிட்டாத காலத்தும் கூடியோரின் உறுதியை மதிப்போமாக!