டீசல் லாரியின் தொடக்க எண்ணெய் அழுத்தம்: ஒரு வரலாறு

டீசல் இயந்திரத்தின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து மசகு எண்ணெயை ஒரு பம்பு உறிஞ்சி, இயந்திரத்தின் உள்வழிகளுக்குள் செலுத்துகிறது. அவ்வழிகளில் எண்ணெய் ஓடும்போது எழும் தடையே எண்ணெய் அழுத்தமாக வெளிப்படுகிறது. லாரியைக் கிளப்பிய சில நொடிகளுக்குள் இந்த அழுத்தம் உயர வேண்டும். உயராவிட்டால் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள சிவப்பு விளக்கு அணையாது. அந்த விளக்கு எரியும்போது இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிஞர்கள் படிப்படியாகக் கண்டறிந்தனர். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன.

எண்ணெய்ப் படலத்தின் கண்டுபிடிப்பு

1880களில் பொறியாளர் பொச்சாம்ப் டவர், இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக, தொடர்வண்டி அச்சுத் தாங்கிகளில் ஏற்படும் உராய்வை ஆராய்ந்தார். தாங்கி என்பது இன்று பணிமனைகளில் பேரிங் எனப்படும் உறுப்பு. எண்ணெய் ஊற்றுவதற்காக அவர் தாங்கியின் உச்சியில் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் அத்துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கியது. மரக்கட்டையால் அடைத்தும் பயனில்லை. கட்டை வெளியே தள்ளப்பட்டது. அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தியபோது, தாங்கியின் மீதிருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அளவில் இருக்க, எண்ணெயின் அழுத்தம் 200 பவுண்டைத் தாண்டியது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்பட்டது. சுழலும் அச்சு உலோகத்தின் மீது உட்காருவதில்லை. தானே இழுத்துவரும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கிறது. இதற்கான கணிதக் கோட்பாட்டை ஆசுபோர்ன் ரெனால்ட்சு 1886இல் வெளியிட்டார்.

ஆனால் அச்சு நின்றதும் படலம் கலைந்து, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. மறுபடி இயக்கும்போது புதிய எண்ணெய் வந்து சேரும்வரை தேய்மானம் மிகுதி. தொடக்க நொடிகள் முக்கியமாவது இதனால்தான்.

பம்பு வந்த கதை

1890இல் பர்மிங்காமின் பெல்லிசு நிறுவனத்தைச் சேர்ந்த வரைவாளர் ஆல்பர்ட் பெயின், பம்பின் உதவியால் தாங்கிகளுக்கு எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது நீராவி இயந்திரங்களுக்கானது. ருடால்ஃப் டீசலின் இயந்திரம் 1897இல் ஆக்சுபர்க் நகரில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. 1924இல் பெர்லின் கண்காட்சியில் மான் நிறுவனம் டீசல் லாரியைக் காட்சிக்கு வைத்தது. அதிகச் சுமையைத் தாங்கி நாள் முழுதும் ஓடும் இத்தகைய இயந்திரங்களுக்கு அழுத்த உயவு இன்றியமையாததாயிற்று.

சியூ ஃபால்சு பாடம்

1980–81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்திலுள்ள சியூ ஃபால்சு நகரில் பல வாகன இயந்திரங்கள் பழுதாயின. அவற்றிலிருந்த எண்ணெய், அன்றைய குளிர்நிலை ஆய்வுகளில் தேறிய எண்ணெய்தான். ஆனால் அந்த ஆய்வுகளில் எண்ணெயை விரைவாகக் குளிரவைத்தனர். ஊரில் நிறுத்தியிருந்த வண்டிகளிலோ எண்ணெய் மெதுவாகக் குளிர்ந்து கூழ்போல் உறைந்தது. பம்பு உறிஞ்சியதும் அவ்விடத்தில் ஒரு குழி விழுந்தது. சுற்றியிருந்த எண்ணெய் ஓடிவந்து அதை நிரப்பவில்லை. பம்பு காற்றையே இழுத்தது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் தாங்கிகளுக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை. இதன்பின், 45 மணி நேரத்துக்கும் மேலாக மெதுவாகக் குளிரவைத்துச் சோதிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லை. ஆயினும் பாடம் பொதுவானது: எண்ணெய் இருப்பது வேறு, அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்வது வேறு.

காரணம் அறியும் முறை

குளிர்ந்த எண்ணெய் கெட்டியானது. அதனால் ஓட்டத்துக்குத் தடை கூடும். ஆகவே காலையில் இயக்கியதும் அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதே இயல்பு. அந்த நேரத்திலேயே குறைந்தால், எண்ணெய் பம்புக்கு வரவில்லையா, வழியில் திரும்பிப் போகிறதா, அல்லது அளவி பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரத்தை உடனே நிறுத்திவிட்டுப் பின்வரும் வரிசையில் தேடலாம்.

1. அளவுக்கோலை எடுத்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும். மட்டம் உயர்ந்து டீசல் வாடை வீசினால், எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்துவிட்டது எனலாம்.

2. மின் உணரி பழுதாகியிருக்கலாம். அதைக் கழற்றி, அவ்விடத்தில் நேரடி அழுத்தமானியைப் பொருத்திச் சரிபார்க்கவும். இதன் அடிப்படையான வளைகுழாய் அழுத்தமானிக்கு யூஜின் பூர்டோன் 1849இல் காப்புரிமை பெற்றார்.

3. இரவு முழுதும் நின்ற பின் மட்டும் அழுத்தம் தாமதமாக உயர்ந்தால், வடிகட்டியில் எண்ணெயைத் தேக்கிவைக்கும் தடுப்பிதழ் கெட்டிருக்கலாம். அல்லது பொருந்தாத வடிகட்டி மாட்டப்பட்டிருக்கலாம்.

4. உறிஞ்சு குழாயின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் பம்பு காற்றை இழுக்கும். சல்லடையில் கசடு அடைத்தாலும் எண்ணெய் வராது. அழுத்தத் தளர்வு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் எண்ணெய் தொட்டிக்கே திரும்பிவிடும்.

5. காலையில் சரியாக இருந்து, சூடேறிய பின் மெதுவோட்டத்தில் மட்டும் அழுத்தம் குறைந்தால், தாங்கிகள் அல்லது பம்பு தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

சிக்கனமான சோதனைகளே முதலில் வருவதைக் கவனிக்கவும். உணரியின் பழுதை அறியாமல் இயந்திரத்தையே பிரிப்பது வீண் செலவு. விளக்கு எரியும்போது வேகத்தைக் கூட்டி அழுத்தத்தை வரவழைக்க முயல்வது அதனினும் கேடு. எண்ணெய் சேராத தாங்கியும் தண்டும் உரசிச் சூடேறி இறுகிவிட்டால், ஓர் உணரியின் விலையில் முடிந்திருக்க வேண்டிய பழுது, கிராங்க் தண்டையே மாற்றும் செலவில் போய் நிற்கும். ஒற்றை லாரியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது பல மாத வருமானம்.