மதிப்பு: 475 டாலர்

தென் கரோலினாவில் டேவிட் பேட்டர்சன் என்ற பண்ணையார் 1850-ல் எழுதிவைத்த உயிலில், மெல்வினியா என்ற கறுப்பினச் சிறுமி தன் மனைவிக்குச் சேர வேண்டும் என்று கண்டிருக்கிறது. அவர் காலமானபின் 1852-ல் சொத்துக்கணக்கு எடுத்தவர்கள் அந்தச் சிறுமிக்கு விலையும் போட்டார்கள்: 475 டாலர்.

மிஷேல் ஒபாமாவின் தாய்வழி வேர்களில் ஒன்று இந்தச் சிறுமியிடம் போய்ச் சேர்கிறது. மிஷேலின் தாய் மேரியன். மேரியனின் தந்தை பர்னெல். அவருடைய தந்தை ராபர்ட் லீ. அவருடைய தந்தை டால்ஃபஸ் ஷீல்ட்ஸ். டால்ஃபஸைப் பெற்றவள் மெல்வினியா. வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலன்யாக் தேடிக் கோத்த இந்த வரிசையை 2009 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது.

கறுப்பின அமெரிக்கர் ஒருவரின் முன்னோரைத் தேடிப் போனால் 1870-ல் வழி அடைபடும். விடுதலை பெற்ற சுமார் நாற்பது லட்சம் பேர் பெயரோடு பதிவானது அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில்தான். 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனி ஏடு. எஜமானின் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, பால், நிறம். பெரும்பாலும் அவ்வளவுதான். ஆகவே தேடுகிறவர், தன் முன்னோரை உடைமையாக வைத்திருந்தவரைத் தேட வேண்டும். அவருடைய உயில், பாகப் பத்திரம், கடன் சீட்டு, விற்பனை ரசீது ஆகியவற்றில்தான் பெயர் அகப்படும். ஒரு குழந்தையின் பெயர் இன்றுவரை தங்கியதற்குக் காரணம், அவளைச் சொத்தாக அடையாளம் காட்ட வேண்டியிருந்ததுதான். இதைப் படிக்கும்போது ஆத்திரம் வருகிறது. ஆனாலும் அந்தத் தாளை விட்டால் வேறு தாள் இல்லை.

பேட்டர்சனின் மகளும் மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸும் ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்குத் தெற்கே 200 ஏக்கர் பண்ணை வைத்திருந்தார்கள். மெல்வினியா அங்கே அனுப்பப்பட்டாள். அந்தப் பண்ணையில் 3 குதிரை, 5 பசு, 17 பன்றி, 20 செம்மறியாடு இருந்ததாக 1860-ன் வேளாண் கணக்கு சொல்கிறது. பன்றிகளை எண்ணிய அரசு அவள் பெயரைக் கேட்கவில்லை.

பதினைந்து வயதளவில் அவள் டால்ஃபஸைப் பெற்றாள். தந்தை வெள்ளையர். 1870 கணக்கில் அவளுடைய நான்கு பிள்ளைகளில் மூவர் கலப்பினத்தவர் என்று குறிக்கப்பட்டிருக்கிறார்கள். விடுதலைக்குப் பிறகும் அவள் அந்தப் பக்கத்திலேயே கூலிவேலை செய்தாள். பிள்ளைகளுக்கு ஷீல்ட்ஸ் என்ற பெயரே நிலைத்தது. அவர்களைப் பெற்றது எந்தச் சூழ்நிலையில் என்று எந்த ஏடும் சொல்லாது. ஆனால் மறுக்கும் உரிமை சட்டப்படியே இல்லாத ஒரு சிறுமியின் விஷயத்தில் இதை உறவு என்று எழுத என் கை வரவில்லை. இரு குடும்பத்துச் சந்ததிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டதில், டால்ஃபஸின் தந்தை ஹென்றியின் மகன் சார்லஸாக இருக்கக்கூடும் என்று 2012-ல் தெரியவந்தது.

நடு வயதில் மெல்வினியா ஷீல்ட்ஸ் பண்ணைப் பக்கத்தை விட்டு நீங்கினாள். சிறுவயதில் தன்னோடு பேட்டர்சன் பண்ணையில் இருந்தவர்களைக் கண்டுபிடித்து, அவர்களோடு அலபாமா எல்லைப் பக்கம் போய்க் குடியேறினாள். எட்டு வயதுக்குள் பிரித்து அனுப்பப்பட்டவள், பல ஆண்டுகள் கழித்துத் தன் மனிதர்களைத் தேடிச் சேர்ந்திருக்கிறாள். இந்த வரலாற்றில் அவளே முடிவெடுத்துச் செய்ததாக நமக்குத் தெரியும் பெரிய காரியம் இதுதான். 1938-ல் அவள் இறந்தபோது, இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கான கட்டத்தில் உறவினர் ஒருவர் ‘தெரியாது’ என்று எழுதிக் கொடுத்தார்.

டால்ஃபஸ் எழுதப் படிக்கக் கற்றார், பர்மிங்ஹாம் நகரில் தச்சுத் தொழில் செய்து, 1900-க்குள் சொந்த வீடு வாங்கினார், தேவாலயங்களைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், 1950-ல் காலமானார்.

மிஷேலின் தந்தைவழி, தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுனில் ஃப்ரெண்ட்ஃபீல்டு என்ற நெல் பண்ணைக்குப் போகிறது. அங்கே அடிமையாக இருந்த ஜிம் ராபின்சனைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.