இணையவழி மனநலச் சிகிச்சை: இந்தியரின் மனப்பாங்கு

இந்தியாவில் இணையவழி மனநலச் சிகிச்சையை அணுகுவதில் தொழில்நுட்பத்தைவிட, யார் கண்ணில் படுவோமோ என்ற கூச்சமே பெரிதாகச் செயல்படுகிறது. 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, கோளாறைப் பொறுத்து, பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சுபவருக்கு, 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய, அரசின் தொலைபேசிவழி மனநலச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற இலவச எண் நல்ல மறைவு. ஆனால் அந்த மறைவு தெருவோடு சரி. ஒற்றை அறை வீட்டில் மாமியார் காதில் விழாமல் பேச மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். நேரில் பார்க்காமல் வைத்தியமா என்ற ஆட்சேபம் பாதி நியாயமானது: தற்கொலை அபாயமும் தீவிர மனச்சிதைவும் நேரடிக் கவனிப்பைக் கோருபவை. மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமோ, சிகிச்சையாளர் வழிகாட்டும் இணையவழி அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, நேரடிச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.