ஈரல் அழற்சிக்குக் காரணம் தேடிய கதை



காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம்மவர் பழமொழி. இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்ததனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதே அதன் கருத்து. 2022-ஆம் ஆண்டில் மேல்நாட்டு மருத்துவர்கள் இவ்வுண்மையை மிக இக்கட்டான சூழ்நிலையில் நினைவுகூர வேண்டியதாயிற்று.

அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், மூன்று முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகள் கடுமையான கல்லீரல் அழற்சியுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பது தெரியவந்தது. இந்நோய்க்கு வழக்கமான காரணங்கள் ஏ முதல் ஈ வரையிலான ஐந்து வைரஸ்கள். இக்குழந்தைகளிடம் அவற்றுள் ஒன்றேனும் காணப்படவில்லை. ஏப்ரல் 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் செய்தி சென்றது. ஜூலை 8-ஆம் நாளுக்குள் 35 நாடுகளில் 1,010 குழந்தைகள் இவ்வாறு நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 22 பேர் இறந்தனர். சிலருக்கு மாற்று ஈரல் பொருத்த நேர்ந்தது.

காரணம் தெரியாத நோய் எங்கே தோன்றுகிறதோ அங்கே வதந்தியும் தோன்றும். கொரோனாத் தடுப்பூசியே காரணம் என்றனர் சிலர். ஆனால் நோயுற்றவருள் பெரும்பாலோர் அவ்வூசியைப் போட்டுக்கொள்ளாத சிறு குழந்தைகள். ஆதலின் அக்குற்றச்சாட்டு நிற்கவில்லை.

அடுத்து ஐயத்துக்கு உள்ளானது அடினோவைரஸ். 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாலஸ் ரோ என்பாரும் அவர் தோழர்களும், குழந்தைகளின் மூக்குக்குப் பின்புறமுள்ள அடினாய்டுத் திசுக்களிலிருந்து இதனைக் கண்டெடுத்தனர். சளி, காய்ச்சல், கண்ணோய், வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும் இது, நலமுள்ள குழந்தையின் ஈரலைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 2021 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை இவ்வாறு நோயுற்ற ஒன்பது குழந்தைகளிடமும் இவ்வைரஸ் இருந்தது. ஆனால் அவர்களுள் அறுவரின் ஈரல் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அங்கே அதன் சுவடு தென்படவில்லை! குருதியில் இருந்த குற்றவாளியை ஈரலில் காணோம்.

இப்புதிரை அவிழ்க்கக் கிளாஸ்கோ ஆராய்ச்சியாளர் கைக்கொண்ட வழி எளியது, ஆனால் சிறந்தது. நோயுற்ற குழந்தைகளோடு நோயற்ற குழந்தைகளையும் சோதித்து ஒப்பிட்டனர். அப்பொழுது எவரும் எதிர்பாராத மற்றொரு வைரஸ் வெளிப்பட்டது. 1965-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டு, நோய் எதனையும் செய்யாத சாது என்று எண்ணப்பட்டுவந்த இனத்தைச் சேர்ந்தது அது. ஏஏவி-2 என்பது அதன் பெயர். அது தனித்துப் பெருக வல்லதன்று; அடினோவைரஸோ ஹெர்ப்பிஸ் இனத்து வைரஸோ துணைக்கு வந்தால்தான் பெருகும். நோயுற்ற 32 குழந்தைகளுள் 26 பேரிடம் அது இருந்தது; ஒப்பிடப்பட்ட 74 பேருள் ஐவரிடம் மட்டுமே இருந்தது. அடினோவைரஸ் தொற்றியும் ஈரல் கெடாதிருந்த 12 குழந்தைகளுள் ஒருவரிடமும் அது இல்லை.

மற்றும் ஒன்று. நோய் எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய ஒரு குறிப்பிட்ட மரபணு வகை, சோதிக்கப்பட்ட 27 நோயாளிகளுள் 25 பேரிடம் காணப்பட்டது. ஒப்பிடப்பட்ட 64 பேருள் பதின்மரிடமே காணப்பட்டது. இம்முடிவுகள் 2023 மார்ச்சு மாதம் வெளியாயின. லண்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே ஆராய்ந்தவர்களும் ஏஏவி-2 வைரஸையே சுட்டினர்.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த குழந்தைகள் வழக்கமான தொற்றுகளைச் சந்திக்கவில்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் இரு வைரஸ்களையும் ஒருங்கே எதிர்கொண்டனர். அவர்களுள் அம்மரபணு வாய்த்த சிலரது எதிர்ப்பாற்றல் எல்லை மீறித் தம் ஈரலையே தாக்கியிருக்கலாம். அறிஞர் கூறும் விளக்கம் இது. ஏஏவி-2 தானே ஈரலைக் கெடுத்ததா, அன்றி உடன் நின்ற சாட்சி மட்டுமா என்பதில் இன்னும் முடிந்த முடிபு இல்லை.

மாணவர்க்குப் பாடம் சொல்லிப் பழகிய எனக்கு, இவ்வரலாற்றில் போற்றத்தக்கதாகத் தோன்றுவது அந்த ஒப்பீடே. நோயாளியை மட்டும் பார்த்திருந்தால் அடினோவைரஸின்மீதே பழியைச் சுமத்தி வழக்கை முடித்திருப்பர். நோயற்ற குழந்தைகளின் குருதியையும் பார்த்ததால்தான், ஒருவர் செய்ததாக எண்ணிய செயலில் மூவர்க்குப் பங்கிருக்கலாம் என்பது புலனாயிற்று.