சுத்தியல் தேடப் போன இடத்தில் ஒரு மிளகுச் சிமிழ்

1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் கிழக்கில் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்று ஒரு கிராமம். பீட்டர் வாட்லிங் என்ற குத்தகை விவசாயி தன் வயலில் ஒரு சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ், ஓய்வு பெற்ற தோட்டக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பரிசாக வந்த மெட்டல் டிடெக்டர் ஒன்று அவரிடம் இருந்தது. "வாங்க, தேடிப் பார்ப்போம்" என்று கிளம்பினார்.

டிடெக்டர் கத்திய இடத்தில் தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், கூடவே நிறைய காசுகள். லாஸ் கொஞ்சத்தை வெளியே எடுத்தார். அதற்கு அடுத்து அவர் செய்த காரியத்துக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். தோண்டுவதை நிறுத்திவிட்டார். நிலம் கவுண்டி கவுன்சிலுக்குச் சொந்தம். அவர்களுக்கும் போலீஸுக்கும் தகவல் போனது. மறுநாளே தொல்லியல் குழு வந்து, வெளியே தெரியாமல், ஒரே நாளில் குழி முழுவதையும் அகழ்ந்து முடித்தது.

நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேனா? நேர்மையாகச் சொன்னால் சந்தேகம்தான்.

டிடெக்டர் வேலை செய்யும் விதம் எளிமையானது. அதன் வட்டச் சுருளில் ஓடும் மாறு மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் ஓர் உலோகத்தைத் தொட்டால் அதில் சுழல் மின்னோட்டம் உருவாகும். அது திருப்பி அனுப்பும் சின்னப் புலத்தைக் கருவி பிடித்து ஒலியாக்குகிறது. "இங்கே உலோகம் இருக்கிறது" என்பதோடு அதன் வேலை முடிந்தது. பக்கத்தில் இருக்கும் மரமும் துணியும் வைக்கோலும் அதற்குத் தெரியாது. ஹாக்ஸனில் கதையின் பாதி அந்த மரத்திலும் வைக்கோலிலும்தான் இருந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 14,865 ரோமானியக் காசுகள். தங்கம் 569, வெண்கலம் 24, மீதி அத்தனையும் வெள்ளி. இவை தவிர சுமார் 200 வெள்ளிச் சாமான்களும் தங்க நகைகளும். எல்லாம் ஓர் ஓக் மரப்பெட்டிக்குள் இருந்தன. பெட்டி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 30 உயரம். நம் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டி அளவுகூட வராது.

மரம் பெரும்பாலும் மக்கிப் போயிருந்தது. ஆனால் கீல்கள், பூட்டுகள், மரத்துகள்கள் எல்லாம் அவை இருந்த இடத்திலேயே கிடந்தன. அதனால் பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டிகள் இருந்ததும், அவற்றில் வெள்ளிப் பூட்டு தொங்கியதும் தெரிந்தது. கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவே வைக்கோல் வைத்து அடுக்கப்பட்டிருந்தன. கொள்ளையடித்ததை யாரும் இவ்வளவு பதவிசாக மூட்டை கட்ட மாட்டார்கள். கீறல் விழக்கூடாது என்று கவலைப்பட்ட ஒரு குடும்பம் கட்டிய மூட்டை இது. திரும்ப வந்து எடுப்போம் என்று நம்பியிருக்கிறார்கள்.

பெட்டியில் இல்லாத பொருள்களும் ஒரு தகவல். புலி வடிவத்தில் அழகான வெள்ளிக் கைப்பிடி ஒன்று கிடைத்தது. அது பொருந்த வேண்டிய பெரிய ஜாடி இல்லை. இந்த வசதியுள்ள வீட்டில் இருந்திருக்க வேண்டிய பெரிய வெள்ளித் தட்டுகளும் இல்லை. அப்படியென்றால் சொத்தின் ஒரு பகுதிதான் இங்கே புதைந்தது. ஆனால் "இல்லை" என்று சொல்ல வேண்டுமென்றால் குழி முழுவதையும் ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். என் தொழில் பாஷையில் சொல்கிறேன். லாக் ஃபைல் முழுசாக இருந்தால்தான் ஒரு வரி அதில் இல்லை என்பதற்கு அர்த்தம் உண்டு. பாதி அழிந்த லாகை வைத்துக்கொண்டு எதையுமே மறுக்க முடியாது.

புதைத்த காலத்தைக் காசுகள் சொல்கின்றன. கடைசிக் காசுகள் கி.பி. 407-408ஐச் சேர்ந்தவை, மூன்றாம் கான்ஸ்டன்டைன் பெயரில் அடித்தவை. பிரிட்டனில் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டு, படையோடு கடல் தாண்டி கால் நாட்டுக்குப் போனவன் அவன். அதன்பின் ரோமிலிருந்து புதுக் காசு வருவது ஏறக்குறைய நின்றுபோனது. ஹாக்ஸன் வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் ஓரத்தை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஓரத்து எழுத்து போய்விட்டது, அரசன் முகத்தில் மட்டும் கை வைக்கவில்லை. முகம் இருந்தால் காசு செல்லும் என்ற கணக்கு. அரசு கைவிட்ட ஊரில் மக்கள் தாங்களே சமாளித்த கதை அந்த ஓரங்களில் இருக்கிறது.

இனி மிளகு விஷயம். பெட்டியில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. அதில் ஒன்று பெண்ணின் மார்பளவு உருவம், சுமார் 10 சென்டிமீட்டர் உயரம். 'பேரரசி' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். அடியில் சுழலும் தட்டு ஒன்று உண்டு. ஒரு நிலையில் மிளகுத்தூளை நிரப்பலாம், இன்னொன்றில் மூடலாம், மற்றொன்றில் தூவலாம். வேலை விஷயமாக லண்டன் போயிருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்தில் இதைப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அந்த மிளகு நம் பக்கத்திலிருந்து, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து, மலபார் கரை வழியாகப் போனது. சங்க இலக்கியம் 'கறி' என்று சொல்லும் அதே மிளகு. காசுகளின் காலமான அதே 408இல் கோத் மன்னன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டான். விலகிப்போக அவன் கேட்டவற்றில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் சேர்த்தி. மிளகின் மதிப்பு அப்படி. அதை வைக்க வெள்ளியில் சிமிழ் செய்ததில் என்ன ஆச்சரியம்?

இனி எதிர் உதாரணம். 1979இல், பக்கத்துப் பகுதியான நார்ஃபோக்கின் தெட்ஃபோர்டில், அனுமதி இல்லாமல் டிடெக்டரோடு போன ஒருவருக்கு 22 தங்க மோதிரங்களும் வெள்ளிக் கரண்டிகளும் கிடைத்தன. பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. விஷயம் வெளியே வருவதற்குள் அந்த இடத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. பொருள்கள் இன்று மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன. எப்படி வைக்கப்பட்டிருந்தன, கூடவே காசுகள் இருந்தனவா என்ற கேள்விகளுக்கு மட்டும் பதில் போய்விட்டது.

லாஸ் நல்ல மனிதர், அதனால் நிறுத்தினார் என்று கதையை முடித்துவிடலாம். ஆனால் சட்டமும் அவர் பக்கம் இருந்தது. 1993இல் விசாரணை நடந்து புதையல் என்று முடிவானதும், சந்தை விலையான 17.5 லட்சம் பவுண்டு அவருக்குச் சன்மானமாகக் கிடைத்தது. கட்டாயம் இல்லாவிட்டாலும் அதில் வாட்லிங்குக்கும் பங்கு கொடுத்தார். பின்னர் வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் 14 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று வரையறுத்தது.

நம் ஊரில் இன்றும் இருப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் கொடுப்பது அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். அதாவது ஒரு ரோமானியப் பொற்காசுக்கு எடைக்கு எடை தங்க விலை, மேலே இருபது சதவீதம். நகைக்கடைக்காரரும் ஏறக்குறைய அதையே கொடுப்பார், அலைச்சலும் இல்லை. அப்புறம் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைக்கும் பானைக் காசுகள் ஏன் உருக்குப் பட்டறைக்குப் போகின்றன என்று நாம் கேட்பதில் நியாயம் இருக்கிறதா? ஆளைத் திட்டுவதற்கு முன்னால் அந்த ஐந்தில் ஒரு பங்கைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக, பலர் கேட்கப்போகும் கேள்வி. ஆமாம், சுத்தியலும் கிடைத்தது. வாட்லிங் அதையும் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.